இந்திராணிக்குப் படிப்பில் நாட்டமில்லை

தலைப்பில் உள்ள வாக்கியம் என்னுடையது அல்ல. நான் தில்லியில் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்துடையது. அது அட்டவணையாகி, அச்சேறி, கெட்டி அட்டை போட்டுக்கொண்டு நாலைந்து நூலகங்களில் இப்போதும் தூசி தின்றுகொண்டிருக்கும். ஆராய்ச்சியில் பெயர் போடுகிற வழக்கம் கிடையாது. ஆனால் 'மேற்படிப்பில் நாட்டமில்லாதவர்கள்' என்ற வரிசையில் எண்ணப்பட்டவர்களில் ஒருத்தி, கோல் மார்க்கெட் கலியமூர்த்தியின் மகள் இந்திராணி. மூன்று ஆய்வுகளுக்காக அவள் வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்டவன் நான். எனக்குத் தெரிந்த இந்திராணியைப் பற்றி நாலு வார்த்தை எழுதி வைக்காவிட்டால் அந்த அட்டவணை மட்டும்தான் மிஞ்சும்.

கேள்வி கேட்பதுதான் என் உத்தியோகம். எழுபத்து நாலில் எங்கள் டைரக்டர் வெளிநாட்டில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, தில்லி மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் என்னதான் கற்றுக்கொள்கிறார்கள், முடித்தபின் எந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கக் கிளம்பினார். அவர் கிளம்பினார் என்றால் நாங்கள் கிளம்பினோம் என்று அர்த்தம். அவர் அறையில் ஏர்கண்டிஷனர் ஓடியது. எங்களுக்கு ஆளுக்கொரு தோல் பையும் பஸ் பாஸும் கொடுத்தார்கள். தமிழ் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காகக் கோல் மார்க்கெட், ஆர்.கே.புரம், கரோல் பாக் தமிழ்க் குடும்பங்களை எல்லாம் என் தலையில் கட்டினார்கள்.

முதலில் பள்ளிக்கூடத்தில் வைத்து ஒரு கணக்குப் பரீட்சை. தமிழர்கள் நடத்திய பள்ளி, வேர்த்துக் கொட்டுகிற ஏப்ரல் மாதம். மற்ற பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டாவது வரிசையில் ஒரு பெண் விடைத்தாளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். ஒல்லி, ரெட்டைப் பின்னல், மூக்கில் வேர்வை.

“முடிச்சாச்சா?” என்றேன்.

“முடிச்சிட்டேன். வேற தாள் இருக்கா சார்?”

“எதுக்கு?”

“சும்மா போடறதுக்குத்தான். மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கே.”

சும்மா போடுவதற்குக் கணக்கு கேட்ட பிள்ளையை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என்னிடம் வேறு தாள் இல்லை. அவள் விடைத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தானே ஏதோ கணக்கை உண்டாக்கித் தானே போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் இந்திராணி.

அடுத்த கட்டம் வீட்டுக்குப் போவது. கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பு வெள்ளைக்காரன் குமாஸ்தாக்களுக்குக் கட்டிவிட்டுப் போனது. நடுவில் புல்வெளி, சுற்றி வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்ன முற்றம். மே மாதப் புழுதியில் முற்றத்துக் கயிற்றுக் கட்டில்களை எல்லாம் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். கலியமூர்த்தி மாயவரத்துப் பக்கம். பதினெட்டு வயதில் ரயிலேறி வந்து, ஏதோ ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கோப்புகளில் விதிகளை மேற்கோள் காட்டியே தலை நரைத்தவர். பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வள்ளியம்மை எனக்குப் பானைத் தண்ணீர் கொடுத்தார். ஒன்பதாவது படிக்கிற மகன் தர்மன் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் பல்கலைக்கழகத்தின் முதல் அட்மிஷன் லிஸ்ட் வரட்டும் என்று காத்திருந்து ஜூன் கடைசியில் மறுபடி போனேன். இந்திராணி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“வந்துடுச்சு சார்! முதல் லிஸ்ட்லயே. மேத்ஸ் ஆனர்ஸ்.”

அவள் கேட்ட கல்லூரி வடக்கு வளாகத்தில் இருந்தது. பெண்கள் கல்லூரி. முதல் லிஸ்டில் இடம் கிடைப்பது சாதாரண காரியம் இல்லை. நான் பையைத் திறந்து கேள்விகளை எடுத்தேன். இந்தக் கல்லூரியை யார் தேர்ந்தெடுத்தது?

“நானேதான்.”

“ஏன் இந்தக் கல்லூரி?”

“யூ ஸ்பெஷல் நம்ம முக்குலயே நிக்கும் சார்.” யூனிவர்சிட்டிக்கென்றே விடுகிற பஸ்ஸுக்குத் தில்லிப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் அது. “அப்புறம், அங்க கணக்கு சொல்லித் தர்ற மேடம் ரொம்ப அச்சா டீச்சராம். கீதா தீதி சொன்னா, பக்கத்து வீட்டு அக்கா, அங்கதான் படிக்கறா.”

“அதையெல்லாம் எழுதிக்காதீங்க தம்பி,” என்றார் கலியமூர்த்தி, விசிறியை நிறுத்தாமல். “இன்னும் முடிவாவல.”

இந்திராணியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கலியமூர்த்தி சொன்ன நியாயம் இதுதான். அவருக்கு வேலை ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். ஓய்வு பெற்றால் குவார்ட்டரைக் காலி செய்தாக வேண்டும். ஆனால் விதி ஒரு வழி விட்டிருந்தது. ஓய்வு பெறுமுன் பிள்ளைகளில் ஒருவர் மத்திய அரசு வேலையில் சேர்ந்து, அப்பாவோடு அதே வீட்டில் வசித்து, தனியாக வீட்டு வாடகைப் படி வாங்காமல் இருந்தால், வீட்டை அந்தப் பிள்ளையின் பேருக்கு ஒதுக்கலாம். தில்லியில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இப்படித்தான் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டன. கையெழுத்துப் போடத் தெரிந்த நாளிலிருந்தே பிள்ளைகளின் காதில் இந்த விதியை ஓதிவிடுவார்கள். தர்மனுக்கு வயது போதாது. குமாஸ்தா பரீட்சை எழுதி, முடிவு வந்து, போலீஸ் விசாரணை முடிந்து, உத்தரவு கைக்கு வர இரண்டு வருஷம் சரியாகப் போய்விடும். கல்லூரிப் படிப்போ மூன்று வருஷம்.

“ஒரே ஒரு வருஷந்தாம்பா இடிக்குது,” என்றாள் இந்திராணி.

“கவர்மெண்டுக்கு ஒரு வருஷமும் ஒண்ணுதான், ஒரு நாளும் ஒண்ணுதான்.”

“வாடகைக்கு எங்கயாச்சும் போவலாம்ல?”

“எங்க போறது? கரோல் பாக்ல பச்சைமுத்து இருக்கானே, போய்ப் பாரு. பாத்துட்டு வந்து பேசு.”

பச்சைமுத்து அவருடைய பழைய செக்‌ஷன் சகா. ஓய்வு பெற்று ஒரு மொட்டை மாடி அறைக்குக் குடிபோனவர். வாடகைச் சட்டப்படி அவரைக் கிளப்ப முடியாது என்று தெரிந்துகொண்ட வீட்டுக்காரன், மாடிக்கு ஏறும் குழாயை மூடிவிட்டான். வழக்கு தீஸ் ஹசாரி கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. சட்டம் பச்சைமுத்து பக்கம், தண்ணீர் வீட்டுக்காரன் பக்கம். அறுபது வயது மனுஷன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன், நானும் அதே தெருவில்தான் குடியிருந்தேன். கலியமூர்த்தியின் பயம் பொய்ப் பயம் இல்லை. அதை இல்லை என்று சொன்னால் நானும் டைரக்டர் ஜாதியாகிவிடுவேன்.

“ஊருக்குப் போயிட்டா என்னங்க?” என்று வள்ளியம்மை மெதுவாகக் கேட்டார்.

“ஊர்ல என்ன இருக்கு, அண்ணன் மவன் மூஞ்சிதான் இருக்கு. தர்மன் படிப்பு என்ன ஆவறது?”

தர்மன் படிப்பு என்ன ஆகும் என்று அந்த வீட்டில் கேட்க ஆள் இருந்தது. கலியமூர்த்தி குரலை இறக்கி மகளிடம் சொன்னார்:

“இத பாரும்மா. உன்னை யாரு படிக்க வேணாங்கறா? தர்மன் தலையெடுத்து ஒரு வேலைக்குப் போவட்டும். வீட்டை அவன் பேருக்கு மாத்திடறேன். அப்புறம் நீ எத்தினி வேணும்னாலும் படி. நான் கூட வந்து சேத்து விடறேன்.”

அவள் உள்ளே போனாள். நான் மிச்சக் கேள்விகளைக் கேட்காமல் எழுந்துவிட்டேன்.

பணம் கட்டக் கடைசி நாளன்று நடந்ததை அவள் எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து. காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு, “கிளம்பு, சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்க” என்றாராம். அப்பா மனசு மாறிவிட்டார் என்று நினைத்து, தீபாவளிக்கு எடுத்த பாவாடை தாவணியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் யூனிவர்சிட்டி போகிற பஸ் வந்து நின்றது. அப்பா கை காட்டவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்து வந்தது கரோல் பாக் பஸ். அதில் ஏறச் சொன்னார். இறங்கின இடத்தில், அஜ்மல் கான் ரோட்டுக்குப் பின்புறம், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். வரிசையாகப் பழைய ரெமிங்டன்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மதராஸிப் பிள்ளை.

“பஸ் ஸ்டாப்லயே சொல்லியிருந்தா அழுதிருப்பேன் சார். அவருக்கு அது தெரியும்,” என்றாள். “அங்க அத்தினி பேருக்கு நடுவுல எப்படி அழறது?”

இப்போது எங்கள் நிறுவனத்தின் திருவிளையாடலைச் சொல்ல வேண்டும். இடம் கிடைத்தும் சேராதவர்களுக்கு ஒரு காரணம் எழுத வேண்டும். காரணங்கள் ஏற்கெனவே வெளிநாட்டிலிருந்து தயாராக வந்துவிட்டன: பண வசதி இல்லை, மதிப்பெண் போதவில்லை, பெற்றோர் எதிர்ப்பு, திருமணம், நாட்டமில்லை. நான் ஓரத்தில் 'வீடு' என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் ராஜாராமன் அதை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் எழுதியது சரிதானா என்று நேரில் விசாரிக்க அவரே கோல் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

“பணக் கஷ்டமா?” என்று கேட்டார்.

“சேச்சே, அதெல்லாம் இல்லீங்க,” என்றார் கலியமூர்த்தி. வீட்டு வாசலில் வந்து நிற்கிற அன்னியனிடம் எந்தத் தமிழ் குமாஸ்தா கஷ்டம் என்று சொல்வான்?

“நீங்கள் படிக்க வேண்டாம் என்று தடுத்தீர்களா?”

“நாங்க ஏன் சார் தடுக்கறோம்? தாராளமா படிக்கட்டுமே.”

“கல்யாணம்?”

“இப்ப இல்லீங்க.”

ராஜாராமன் உள்பக்கம் திரும்பி, “உனக்கு இப்போது காலேஜுக்குப் போக இஷ்டமாம்மா?” என்று குரல் கொடுத்தார்.

உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம். பிறகு, “இல்லை.”

நம் வீட்டுப் பெண்கள் வயிறு பசிக்கப் பசிக்க 'எனக்குச் சோறு வேணாம்' என்று சொல்வார்களே, அந்த 'இல்லை'. தட்டைப் பிடுங்கிக்கொண்ட பிறகு சாப்பிட இஷ்டமா என்று கேட்டால் வேறு என்ன சொல்வாள்? ராஜாராமனும் நம்மூர்க்காரர்தான். அவர் வீட்டிலும் அக்கா தங்கைகள் இருந்திருப்பார்கள். ஆனாலும் பேனாவை எடுத்து, சுத்தமாக, நாட்டமில்லை என்ற கட்டத்தில் குறி போட்டார். நான் திரும்பி வரும் வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டேன். 'மற்றவை' என்ற கட்டத்திலாவது போடுங்கள் என்றேன். 'மற்றவை' ரொம்பப் பெருத்துப் போனால் ஆராய்ச்சிக்கு மதிப்பில்லை என்று டைரக்டர் சொல்லியிருக்கிறாராம். மதிப்புக்குக் குறைச்சல் வராமல் இந்திராணியை அடைத்துவிட்டார்கள்.

இரண்டாவது ஆய்வுக்குப் போனது எண்பதில். அதே மாணவர்கள் ஆறு வருஷத்துக்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று ஒரு தொடர் ஆய்வு. வாசலில் பெயர்ப் பலகை மாறியிருந்தது. 'குமாரி கே. இந்திராணி' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. கலியமூர்த்தி கணக்குத் தப்பவில்லை. எமர்ஜென்சி சமயத்தில், ஊரெல்லாம் வீடுகளை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவர் ஓய்வு பெறச் சில வாரங்களுக்கு முன் மகளுக்கு உத்தரவு வந்துவிட்டது. மலை மந்திரில் முருகனுக்கு அபிஷேகம் செய்தார்கள்.

“குடும்பத் தலைவர் யார்?” என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

“நான்தான்,” என்றார் கலியமூர்த்தி. இந்திராணி ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். அப்போதெல்லாம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தர்மன் வளர்ந்துவிட்டான். வடக்கு வளாகத்தில் காமர்ஸ் ஆனர்ஸ். காலையில் அக்காவும் தம்பியும் ஒரே நிறுத்தத்தில் நிற்பார்கள். அவன் யூ ஸ்பெஷலில் ஏறுவான். அவள் செக்ரடேரியட் பஸ்ஸுக்கு நிற்பாள். தபால் மூலம் சாதாரண பி.ஏ. முடித்திருந்தாள். கணக்கு ஆனர்ஸைத் தபாலில் தருவதில்லை.

“சரித்திரம், அரசியல், இங்கிலீஷ்,” என்று விரலை மடக்கினாள். “எது கெடைச்சுதோ அது.”

அந்தத் தடவை அவள் என்னைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிட வந்தாள். வீட்டில் சொல்ல முடியாததை நடக்கிறபோது சொன்னாள். மேலே நான் எழுதிய டைப்ரைட்டிங் கதையும் அப்போது சொன்னதுதான். இன்னொன்றும் சொன்னாள். ஆர்.கே.புரத்தில் இராஜமாணிக்கம் என்று ஒருவர். அரசு உத்தியோகம்தான், மலை மந்திரில் பார்த்துப் பிடித்துப்போய் அவரே வீட்டுக்கு ஆள் அனுப்பினார். கல்யாணத்துக்குப் பிறகு படி என்று சொன்ன மனுஷன். ஆனால் அவர் பேரிலும் ஒரு குவார்ட்டர் இருந்தது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே ஊரில் இரண்டு அரசு வீடு இருக்கக் கூடாது, ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கலியமூர்த்தி, மாப்பிள்ளை தன் வீட்டைக் கொடுத்துவிட்டு இங்கே வந்து இருக்கட்டும் என்றார். அந்த வீட்டில் இராஜமாணிக்கத்தின் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். அவர்களை எங்கே கொண்டுபோவார்? அவர் வீட்டிலிருந்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“அவர் மேல தப்பு இல்ல சார். அவங்க வீட்டுல அவருதான் இந்திராணி,” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அப்பாவைக் கேட்காமல் வீடு ஒதுக்குகிற ஆபீசுக்கே நேரில் போயிருக்கிறாள். தம்பி நாளைக்கு அரசு வேலையில் சேர்ந்தால் வீட்டை அவன் பேருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். கவுண்டரில் இருந்தவன் டீயை வைத்துவிட்டுச் சிரித்தானாம்.

“பெஹன்ஜி, மகான் பாப் ஸே மில்தா ஹை, பெஹன் ஸே நஹீ.”

வீடு அப்பாவிடமிருந்துதான் வரும், அக்காவிடமிருந்து வராது. தம்பிக்கு மாற்ற வழியே இல்லை. அவள் வேலையை விட்டால், ஊர் மாற்றிப் போனால், வீடு உள்ள ஒருவரைக் கட்டிக்கொண்டால், அன்றோடு வீடு போயிற்று. அப்பா கொடுத்த வாக்குக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. அன்று சாயங்காலம் கலியமூர்த்தியைக் கேட்டிருக்கிறாள். அவர் விசிறியை நிறுத்திவிட்டு, “ரூல் மாறும்னு நெனைச்சேம்மா,” என்றாராம்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! நாற்பது வருஷம் கோப்புகளில் விதி இன்னது, உட்பிரிவு இன்னது என்று எழுதி, எத்தனையோ பேருடைய விண்ணப்பங்களை 'விதியில் இடமில்லை' என்று திருப்பி அனுப்பிய மனுஷன். தன் மகள் விஷயத்தில் மட்டும் விதி தானாக மாறும் என்று நினைத்தாராம். தெரிந்தே சொன்னாரா, தன்னையே ஏமாற்றிக்கொண்டாரா? இந்திராணிக்கு அது தெரியவில்லை. தெரியாததுதான் அவளை அரித்தது.

“தெரிஞ்சே சொன்னாருன்னா சண்டை போட்டிருப்பேன் சார். தெரியாம சொன்னாருன்னா பாவம்னு விட்டிருப்பேன். ரெண்டும் முடியல,” என்றாள். என் பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, “ஜல்தி ஏறுங்க, நிக்க மாட்டான்,” என்றாள்.

மூன்றாவது ஆய்வு எண்பத்தாறில். டைரக்டருக்குப் படிப்பு அலுத்துப்போய் வீட்டுவசதிச் சட்டத்தில் இறங்கியிருந்தார். வாடகைச் சட்டமும் அரசுக் குடியிருப்பு விதிகளும் குடும்பங்களை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆய்வு. இந்தத் தடவை நான் விடவில்லை. இரண்டு மீட்டிங்கில் கத்தி, ராஜாராமனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, ஒரே ஒரு கேள்வியை உள்ளே நுழைத்தேன்: 'இந்த வீட்டைத் தக்கவைத்துக்கொள்ள உங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது விட்டுக்கொடுக்க நேர்ந்ததா?' அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு முதல் வீடாகக் கோல் மார்க்கெட்டுக்குத்தான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

வீட்டில் சாமான் குறைந்திருந்தது. தர்மனுக்கு ஒரு வங்கியில் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, வங்கியே பிடித்துக் கொடுத்த ஃபிளாட்டில் யமுனைக்கு அக்கரையில் இருந்தான். அப்பாவும் அம்மாவும் அவனோடு போய்விட்டார்கள். காரணத்தை வள்ளியம்மையே சொன்னார்.

“பையன் வீடுன்னு ஒண்ணு இருக்கறப்ப, பொண்ணு வீட்டுல உக்காந்து சாப்ட்டா நாலு பேரு என்ன தம்பி சொல்லுவாங்க?”

பத்து வருஷம் அதே பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டபோது அந்த நாலு பேர் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அன்று அவர்கள் மகளைப் பார்க்க வந்திருந்தார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு.

இந்திராணிக்கு இருபத்தொன்பது வயது. நெற்றியோரத்தில் நரை. இராஜமாணிக்கத்துக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். இந்திராணி மாலைக் கல்லூரியில் எம்.ஏ. கணக்குக்கு விசாரித்திருந்தாள். ஆனர்ஸ் இல்லாமல் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

“இனிமேலாவது வீட்டைக் குடுத்துட்டு, ஆனர்ஸ் முதல்லேருந்து படிக்கலாமே?” என்று வாசலில் வைத்து அவளிடம் மட்டும் கேட்டேன்.

“பகல் காலேஜ் சார். வேலையை விட்டுட்டு சாப்பாட்டுக்கு எங்க போறது? வேலைய விட்டா வீடும் போயிடும். கரோல் பாக்ல ரெண்டு எடத்துல கேட்டுப் பாத்தேன். தனியா இருக்கற பொம்பளைக்கு ரூம் குடுக்க மாட்டாங்களாம்.” பிறகு, கோபம் இல்லாமல், “இந்த வீட்டை அவங்களுக்காகக் காப்பாத்தினேன். இப்ப எனக்கே வேற வழி இல்லாமப் போச்சு,” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. காப்பி போட உள்ளே போனாள்.

நான் உள்ளே வந்து கேள்விகளை ஆரம்பித்தேன். வீடு யார் பேரில்? எத்தனை அறை? குடும்பத் தலைவர் யார்? கலியமூர்த்தி தன் பழைய நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வயது அவரை ஒன்றும் செய்யவில்லை. குரல் மட்டும் இன்னும் கனிந்திருந்தது. கடைசியில் என் கேள்வி வந்தது. ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாகப் படித்தேன்.

“விட்டுக்கொடுக்கறதா? அப்படி ஒண்ணும் இல்லையே,” என்றார். “முருகன் புண்ணியத்துல எல்லாம் நல்லபடியா நடந்துச்சு. தர்மன் செட்டில் ஆயிட்டான். இவளுக்கு என்ன கொறை, ஊருக்கு நடுவுல வீடு இருக்கு.”

“இந்திராணி காலேஜ்ல சேரலையே?” என்றேன். ஆராய்ச்சியில் இப்படி எடுத்துக் கொடுத்துக் கேட்கக் கூடாது. கேட்டேன்.

“அதுவா?” அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். அந்த வருத்தம் நடிப்பில்லை என்பதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. “மொத லிஸ்ட்லயே சீட்டு கெடைச்சுது தம்பி. நாங்க எவ்வளவோ எடுத்துச் சொன்னோம். அவளுக்குத்தான் அப்ப படிப்புல நாட்டம் இல்ல.”

எங்கள் புத்தகத்தை அவர் படித்ததில்லை. படித்திருக்க வழியில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவராகவே அந்தக் கட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். வள்ளியம்மை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

இந்திராணி காப்பி டம்ளர்களோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அப்பாவுக்கு முதலில் கொடுத்தாள், பிறகு அம்மாவுக்கு, பிறகு எனக்கு. என் பேனா அந்தக் கேள்வியின்மேலேயே நின்றுவிட்டதைப் பார்த்தாள்.

“அப்பா சொல்ற மாதிரியே எழுதிக்குங்க சார்,” என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். கலியமூர்த்தி வாசலில் நின்று, பெயர்ப் பலகையை விரலால் துடைத்து, சுவரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். வெள்ளையடித்து நாளாகிவிட்டது, ஆபீசில் எழுதிப் போடு என்றார். பிறகு மகளிடம், “நான் கூட இல்லைன்னு பயப்படாத. வீட்டைப் பத்திரமா பாத்துக்கம்மா,” என்றார்.

“சரிப்பா.”

அவர்கள் முக்குத் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அப்பாவின் டம்ளரை எடுத்துக் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

“வேற கேள்வி இருக்கா சார்?”

இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டுப் பையை மூடினேன்.